என் அம்மப்பா ஒரு பொலிஸ்காரர்

போன மாசியில் அம்மப்பா காலமானார். 87 வயது. பொபினியில் எங்கள் வீட்டில், விடியப்புறம், நித்திரையிலேயே போய்விட்டார். நாங்கள் அழுது முடிக்க முன்னமே வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. மரண அறிவித்தலில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது என்பதுதான் பிரச்சினை.

அந்த அடைப்புக்குறி உங்களுக்கும் தெரிந்ததுதான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் பிரான்ஸை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், பிறகு "இளைப்பாறிய ஆசிரியர்" அல்லது "இளைப்பாறிய தபாலதிபர்". அம்மா "இளைப்பாறிய பொலிஸ் சார்ஜன்ட்" என்று எழுதியிருந்தா. சின்ன மாமா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தச் சொல்லு வேண்டாம் அக்கா. சனம் கதைக்கும்" என்றார். கடைசியில் "இளைப்பாறிய அரச உத்தியோகத்தர்" என்று போனது. லாச்சப்பலில் கடைக் கண்ணாடிகளில் ஒட்டிய நோட்டீசிலும் அதுதான். 25 வருட வேலை, ஆருக்கும் நோகாத இரண்டு சொல்லாகிவிட்டது.

அது பிழை என்று நினைக்கிறேன். மாமாவின் காரணம் பொய்யில்லை என்பதையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

எங்களுக்குத் தெரிந்த அம்மப்பா வீட்டுக்காரர். 2001இல் பிரான்ஸுக்கு வந்தார். ஞாயிறு பின்னேரம் பேரப்பிள்ளைகள் எல்லாருடைய சப்பாத்துகளையும் பேப்பர் விரித்து வரிசையாக வைத்து மினுக்குவார். பாஸ்கெட் சப்பாத்துக்கு பொலிஷ் போடக்கூடாது என்று பலமுறை சொல்லியும் என் அண்ணாவின் வெள்ளை நைக்கிக்குக் கறுப்புப் பொலிஷ் போட்டுவிட்டார். தமிழ்ச்சோலைக்கு எங்களைக் கூட்டிப்போகும்போது ட்ராமில் ஏற முன் ஒருக்கால், இறங்கின பிறகு ஒருக்கால் எண்ணுவார். நாங்கள் மொத்தம் 3 பேர்தான்.

அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். ஒரு காலை எடுத்த பிறகு 8 வருடம் அவதான் அவருடைய டியூட்டி. இன்சுலின் ஊசி, புண்ணுக்கு மருந்து, குளிப்பாட்டு எல்லாம் அவர். தாதி வந்து போனாலும் பிறகு தான் ஒருக்கால் பார்ப்பார். பின்னேரத்தில் தலை இழுத்துப் பின்னியும் விடுவார். கயிறு முறுக்குவது போல இறுக்கிப் பின்னுவதால் அம்மம்மா, "ஆளைத் தூக்கில போடப்போறியளோ?" என்று கேட்பா. அவர் சிரிக்காமல், "அது எங்கட டிப்பார்ட்மென்ட் இல்லை" என்பார்.

வருடத்துக்கு ஒருமுறை பாரிஸிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போவார். வெளிநாட்டில் இருக்கும் பென்சன்காரர்கள் உயிரோடு இருப்பதாக அத்தாட்சி அனுப்ப வேண்டும். அன்றைக்கு மட்டும் டை கட்டுவார். "கவர்மென்டுக்கு நான் இன்னும் சாகேல்லை எண்டு சொல்லப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர் 20 வயதில், 1958இல் பொலிசில் சேர்ந்தவர். சிங்களம் மட்டும் சட்டம் வந்து இரண்டு வருடம். ஏன் போனீர்கள் என்று நான் கேட்டபோது, "தங்கச்சிமார் 4 பேர்" என்று மட்டும் சொன்னார். வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வேலையில் நிலைக்கவும் மேலே போகவும் சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். அதே காலத்தில் கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞருக்கு, சிங்களத் தேர்ச்சி இல்லை என்று 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போட்டார். அந்த வழக்கு 1969இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. சத்தியாக்கிரகங்கள் பற்றி நாங்கள் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு கிளாக்கர் தன் இன்கிரிமென்டுக்காகப் போட்ட வழக்கு எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அம்மப்பா வழக்குப் போடவில்லை. இரவில் லாம்பு வெளிச்சத்தில் சிங்களம் படித்தார். பாஸ் பண்ணினார்.

அதற்குப் பிறகு வடக்கில் அவருடைய வேலையில் பாதி இதுதான்: தமிழ்ச் சனம் தமிழில் முறைப்பாடு சொல்லும். அவர் அதைச் சிங்களத்தில் எழுதுவார். சொன்னவர், தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே கையெழுத்து வைப்பார். மாடு களவு, வேலிச் சண்டை, சைக்கிள் மோதல் எல்லாம் இப்படித்தான். "நான் எழுதினதைத் திருப்பித் தமிழில வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கிறனான். எல்லாரும் அப்பிடிச் செய்யிறேல்லை" என்று ஒருக்கால் சொன்னார். அவர் தன்னைப்பற்றிப் பெருமையாகச் சொன்ன ஒரே விசயம் அது என்று நினைக்கிறேன்.

பிறகு 1979. பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரிக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே ஒருவரைக் குற்றவாளியாக்கலாம் என்ற சட்டம் அது. அந்த ஆடியில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை போட்டார்கள். வருட முடிவுக்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கச் சொல்லி பிரிகேடியர் வீரதுங்கவை அனுப்பினார்கள். பிடிபட்ட பெடியளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். விசாரித்தவர்களில் பலருக்குச் சிங்களம் மட்டும்தான். நடுவில் யாராவது நிற்க வேண்டும்.

இதை நான் 17 வயதில் எங்கோ வாசித்தேன். அன்றிரவே சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "அம்மப்பா, நீங்கள் அதுகளுக்கும் மொழிபெயர்த்தனீங்களோ?" அம்மா என்னை முறைத்தா. அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே, "கூப்பிட்டால் போகத்தானே வேணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தண்ணி கேட்டுக் குடுத்தனான்" என்றார். பிறகு மருந்து போட எழும்பிவிட்டார். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது சின்ன மாமாவின் பக்கம். அவரை 1986இல், 19 வயதில் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். ஒரு முகாமில் சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு தெற்கே கொண்டுபோய் அடைத்தார்கள். இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்த பிறகு, 1987இல்தான் விட்டார்கள். அந்தத் தாளை அவருக்கு மொழிபெயர்த்தவரும் ஒரு தமிழர்தான். "அவன் வாசிச்சுக் காட்டேல்லை" என்பார் மாமா. இந்தக் கதையில் மாமா அந்த மனிதரைப் பற்றித்தான் பேசுகிறார், ஆனால் பேசும்போது அம்மப்பாவின் கதிரையைத்தான் பார்ப்பார். அப்பாவும் மகனும் பொபினியில் இரண்டு தெரு தள்ளி 20 வருடத்துக்கு மேல் இருந்தார்கள். பொங்கலுக்கு, தீபாவளிக்கு ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் தமிழ்ப் பொலிஸ்காரர் என்றாலே துரோகி என்ற பேச்சும் இருந்தது. பலர் சுடப்பட்டார்கள். 1978 சித்திரையில் முருங்கன் பக்கம் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் கூடப் போனவர்களும் கொல்லப்பட்ட பிறகு, அம்மப்பா டியூட்டியால் வரும்வரை அம்மம்மா விளக்கை நூர்க்கமாட்டாவாம். பஸ்தியாம்பிள்ளையைச் சனம் எப்படி நினைத்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சந்தியில் போக்குவரத்தைப் பார்த்த கான்ஸ்டபிளுக்கும் அதே பெயரைத்தான் சொன்னார்கள்.

1983 ஆடியில் அம்மப்பாவுக்குத் தெற்கில் ஒரு ஊரில் வேலை. கடைத்தெருவில் தமிழரின் கடைகள் எரிந்தன. "வெளிய வராதே, உன்ர பாதுகாப்புக்குத்தான்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். "யூனிபோர்மோட உள்ளுக்கு இருந்தனான்" என்பார் அம்மப்பா. இதை மட்டும் பல தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் அதே 3 சொல்லில். அந்தக் கிழமை முழு இலங்கைப் பொலிசுக்கும் தலைவராக, பொலிஸ்மா அதிபராக இருந்தவர் ருத்ரா ராஜசிங்கம் என்ற தமிழர். இதை எங்கள் வயதுப் பெடியளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு சார்ஜன்ட் உள்ளே இருந்ததை அதன் பிறகு நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். மன்னிக்கச் சொல்லவில்லை. உச்சியில் ஒரு தமிழர் இருந்தும் நிற்காததை, அடியில் இருந்த ஒருவர் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நாங்கள் ஏன் எதிர்பார்க்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் அம்மப்பா முன்கூட்டியே பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

"முடியாது" என்று சொன்ன பொலிஸ்காரர்கள் இல்லாமலில்லை. அம்மப்பா சேர்ந்த காலத்தில் பொலிஸ்மா அதிபராக இருந்தவர் ஒஸ்மன்ட் த சில்வா. பொலிசுக்குள்ளேயே படிப்படியாக வளர்ந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர். பிரதமர் பண்டாரநாயக்க கேட்டதைச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று மறுத்தார். 1959இல் அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பிவிட்டு, பொலிசுக்கு வெளியே இருந்து அபேகோன் என்ற சிவில் சேவை அதிகாரியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மப்பா அவருடைய பெயரைச் சொல்லும்போது கதிரையில் நிமிர்ந்து இருப்பார். இங்கே பிரான்ஸிலும் அப்படி நடந்திருக்கிறது. பொபினியின் பழைய ரயில் நிலையத்தில் இருந்து 1943, 1944இல் 22,000க்கு மேற்பட்ட யூதர்களை ஏற்றி அனுப்பினார்கள். லிசேயில் படித்தபோது எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். அவர்களை அடைத்துவைத்த திரான்சி முகாமுக்குக் காவல் நின்றது பிரெஞ்சு ஜோந்தார்ம்கள். ஆனால் 1942 ஆடியில் நான்சி நகரத்தில், எதுவார் விஞ்ஞெரோன் என்பவரும் அவருக்குக் கீழே வேலை செய்த சில பொலிஸ்காரர்களும், நாளைக்குப் பிடிக்க வருகிறார்கள் என்று முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லி நூற்றுக்கணக்கானவர்களைத் தப்ப வைத்தார்கள். அதே சட்டை, அதே சம்பளம்.

அம்மப்பா ஒஸ்மன்ட் த சில்வாவும் இல்லை, விஞ்ஞெரோனும் இல்லை. வாசித்துக் காட்டினார், தண்ணீர் கேட்டுக் கொடுத்தார், உள்ளே இருந்தார். எங்கள் தாத்தாமாரில் முக்கால்வாசிப் பேர் இந்த அளவில்தான் இருந்திருப்பார்கள், சட்டை எந்த நிறமாக இருந்தாலும்.

மாமா உள்ளே இருந்த அந்த ஒரு வருடத்தில் அம்மப்பா 14 தடவை தெற்கே போய் வந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு, அங்கிருந்து இன்னொரு ரயில். புட்டும் பொரித்த மீனும் பார்சல் கட்டிக்கொண்டு போவார். தான் முன்பு சலூட் வாங்கிய வயதுப் பெடியளுக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கிறார். இதை எங்களுக்குச் சொன்னது அவர் இல்லை, மாமாவும் இல்லை. அந்தியேட்டிக்கு வந்திருந்த ஒரு வயதான அம்மா. லா கூர்நெவில் இருக்கிறா. என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட தாத்தா அந்தக் கியூவில எங்கள் எல்லாருக்கும் சிங்களத்தில பெட்டிசம் எழுதித் தந்தவர் பிள்ளை. எழுதிப்போட்டு, தமிழில வாசிச்சும் காட்டுவார்" என்றா. பக்கத்தில் மாமா பாயாசம் கொடுத்துக்கொண்டு நின்றார். கேட்டிருப்பார். ஒன்றும் சொல்லவில்லை.

பொபினியில் வளர்ந்த எங்களுக்குப் பொலிஸ் என்றால் என்ன? பிரிபெக்சருக்கு முன்னால் விடிய முந்திய குளிரில் கியூ. மெத்ரோ வாசலில் அண்ணாவை மட்டும் நிற்பாட்டிக் கேட்கிற கார்ட். 2005இல் கிளிஷி-சு-புவாவில் பொலிசுக்குப் பயந்து மின்மாற்றி நிலையத்துக்குள் ஓடிச் செத்த சியத், பூனா. 2023இல் நொந்தேரில் நஹெல். நான் இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதவில்லை. ஒருமுறை கார்ட் புதுப்பிக்க அம்மப்பாவோடு கியூவில் நின்றபோது, அவர் வாசலில் நின்ற பொலிஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம். "என்ன பார்க்கிறீங்கள்?" என்றேன். "கால் மாத்தி மாத்தி நிக்கிறான். சப்பாத்துச் சரியில்லை" என்றார்.

2015 தை 7ஆம் தேதி, சார்லி எப்தோ தாக்குதல் நடந்த அன்று, ரிஷார் லெனுவார் வீதியின் நடைபாதையில் அஹ்மத் மெராபே என்ற பொலிஸ்காரர் விழுந்து கிடக்க, கிட்ட வந்து சுட்டார்கள். அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்தோம். அம்மப்பாவுக்குப் பிரெஞ்சு விளங்காது. ரிவியை நூர்த்துவிட்டு, "அவருக்குத் தாய் இருக்கிறாவோ?" என்று கேட்டார். இருந்தா. தகப்பன் இறந்த பிறகு தாயையும் வீட்டையும் பார்த்துக்கொண்டது அஹ்மத்தான் என்று, சனிக்கிழமை அவருடைய சகோதரர் மலேக் பத்திரிகையாளர்களுக்குச் சொன்னார். அல்ஜீரியக் குடும்பம், எங்கள் 93ஆம் மாவட்டத்து லிவ்ரி-கார்கான். துப்பறியும் பிரிவுக்கு மாறுவதற்கான தகுதியை அண்மையில்தான் எடுத்திருந்தார்.

தை 13ஆம் தேதி அவரைப் பொபினியில் உள்ள முஸ்லிம் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். காலையில் பாரிஸில் ஜனாதிபதி ஒல்லாந்த் அவருக்கும் அந்த நாட்களில் இறந்த மற்ற இரண்டு பொலிசாருக்கும் அரச மரியாதை செய்திருந்தார். அம்மப்பா போக வேண்டும் என்று பிடிவாதம். அவர் அந்த மனிதருக்கு யார்? நான்தான் கூட்டிப்போனேன். சனக்கூட்டத்துக்குப் பின்னால், தெருவின் மற்றப் பக்கத்தில் நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றார். அடுத்த நாள் தடிமன் பிடித்து அம்மாவிடம் இரண்டு பேரும் ஏச்சு வாங்கினோம்.

அஹ்மத் மெராபேயைப் பற்றி அன்று ஒருவரும் "இறந்த அரச உத்தியோகத்தர்" என்று எழுதவில்லை. அவருடைய குடும்பத்திலும் அந்தச் சட்டையைப் பற்றிப் பல கதைகள் இருந்திருக்கலாம். 1961இல் பாரிஸ் பொலிஸ் அல்ஜீரியர்களைக் கொன்று ஸேன் ஆற்றில் எறிந்த நாடு இது. ஆனாலும் அவருடைய வீட்டார் பொலிஸ் என்ற சொல்லையும் மகன் என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னார்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், மாமாவின் மகள், என் மச்சாள், இந்த வருடம் பொலிஸ் சோதனைக்குப் பெயர் கொடுத்திருக்கிறா. சாதாரண பொலிஸ்காரருக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் "கார்தியான் த லா பே", சமாதானக் காவலர். பிரெஞ்சுக் குடியுரிமையும் பக்கலோரெயாவும் வேண்டும். இரண்டும் இருக்கிறது. தகப்பனின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. விடிய 6 மணிக்கு ஊர்க் கால்வாய்க் கரையில் ஓடிப் பழகுகிறா. மாமா ஒரு மாதமாக அவவோடு சரியாகக் கதைப்பதில்லை. "என்ர வீட்டில இனி அந்தச் சட்டை காயப்போடக் கூடாது" என்றாராம்.

மச்சாள் போக வேண்டுமா என்று என்னைக் கேட்டால், போகட்டும் என்பேன். ஆனால் அம்மப்பாவின் முழுக் கதையையும் தெரிந்துகொண்டு போகட்டும். "அரச உத்தியோகத்தர்" என்று எழுதிய நோட்டீசை மட்டும் வைத்துக்கொண்டு அல்ல. எந்த நாளில் எந்தத் தாளை வாசித்துக் காட்ட வேண்டிவரும் என்று அவவுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான், அவரும் போய்விட்டார்.

முழுதாகப் போகவில்லை. அவருடைய அலுமாரியில் 31 டைரிகள் இருந்தன. பொலிஸ் பழக்கம், நேரம் போட்டு எழுதுவார்: 7.10 மழை, 7.40 பேத்தி பள்ளிக்கு. இங்கே வந்த பிறகு எழுதியவை எல்லாம் தமிழ். 1983 ஆடி 23ஆம் தேதி வரை எழுதியவை எல்லாம் சிங்களம். எங்கள் குடும்பத்தில் அதை வாசிக்க ஒருவருக்கும் தெரியாது. மாமா அதைக் கட்டி வைத்துவிடச் சொல்கிறார். 1979 டைரியும் அந்தக் கட்டில் இருக்கிறது.

அம்மாவோடு வேலை செய்யும் ஒரு சிங்கள அக்கா, லீவு நாட்களில் வந்து வாசித்துச் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறா. 1979ஐ முதலில் எடுக்க வேண்டாம், வரிசைப்படி போவோம் என்றா அம்மா. போன ஞாயிறு தொடங்கினோம். முதல் டைரி 1961. தை 4, காலை 9.15: ஒரு சைக்கிள் களவு, ராலே, பச்சை நிறம், மணி இல்லை. அக்கா வாசித்து முடித்ததும் அம்மா தேத்தண்ணி போட எழும்பினா. மச்சாள் ஓடிவிட்டு வந்த வேர்வையோடு கதவடியில் நின்று, அந்தச் சைக்கிள் பிடிபட்டதா என்று கேட்டா. அடுத்த பக்கத்தைத் திருப்பினோம்.